வளனார் என்னும் பெயர்

திருச்சிராப்பள்ளி தெப்பக்குளத்துக்கு அருகில் நிற்கும் அந்தக் கல்லூரியைப் பேச்சில் செயின்ட் ஜோசப்ஸ் என்கிறோம். எழுத்தில் அது தூய வளனார் கல்லூரி. 1970-களின் பிற்பகுதியில் ஸ்ரீரங்கத்திலிருந்து நாள்தோறும் காவிரிப் பாலத்தைப் பேருந்தில் கடந்து, பொருளியல் படிக்க அங்கே சென்றவன் நான். ஜோசப் என்ற பெயர் தமிழில் எப்படி வளனார் ஆயிற்று என்று மூன்றாண்டுகளில் ஒரு நாளும் கேட்டதில்லை. அது ஏதோ அகராதிக்காரர் செய்த மொழிபெயர்ப்பு என்று எண்ணியிருந்தேன்.

மக்கள் வழக்கில் ஜோசப் சூசையானார்; சூசையப்பர் என்ற பெயர் இன்றும் ஊர்தோறும் உண்டு. வளன் என்பது புலவர் வழக்கு. யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்னும் பொருள் உண்டு என்பதை அறிந்து, அதற்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடி வளன் என்று வைத்தவர் வீரமாமுனிவர். அந்த வளனையே காப்பியத் தலைவனாக்கித் தேம்பாவணியைப் பாடியவரும் அவரே. ஆக, அந்தக் கல்லூரியின் பெயரே ஒரு கல்விக் கொள்கையைச் சொல்லி நிற்கிறது. கற்பிக்க வந்தவன் முதலில் கற்கவேண்டும் என்பதே அது. கத்தோலிக்கப் பள்ளிகள் என்றாலே ஆங்கிலமும் ஒழுங்கும் என்று இரண்டு சொற்களில் முடித்துவிடும் இக்காலத்தில், அந்த மனிதரின் வாழ்க்கையை அந்தக் கோணத்தில் மீண்டும் நினைத்துப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறேன்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இத்தாலியில் மாந்துவா பகுதியைச் சேர்ந்த காஸ்திலியோனே என்ற ஊரில் 1680 நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். அவருடைய பெயரிலேயே ஜோசப் இருந்தது. 1698-இல், பதினெட்டு வயதில், இயேசு சபையில் சேர்ந்தார். குருவாகும் முன் அச்சபையின் வழக்கப்படி சில ஆண்டுகள் பள்ளிகளில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். 1709-இல் குருப்பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு லிஸ்பனில் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். 1711-இல் மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தபோது அவருக்கு வயது முப்பது.

அவர் எத்தகைய வகுப்பறையிலிருந்து வந்தார் என்பதை அறிந்தால்தான், இங்கே அவர் செய்தவற்றின் பொருள் விளங்கும். இயேசு சபையினர் பொதுமாணவர்க்கான தங்கள் முதல் கல்லூரியைச் சிசிலித் தீவின் மெசினாவில் 1548-இல் தொடங்கினர். அரை நூற்றாண்டு அனுபவத்தைத் திரட்டி 1599-இல் ஒரு கல்வித் திட்டத்தை வெளியிட்டனர். இலக்கண வகுப்புகள், அவற்றின் மேல் இலக்கியம், அதன் மேல் சொற்கலை என்று படிப்படியாக ஏறும் அமைப்பு அது. ஒரு படியைத் தேறாதவன் அடுத்ததற்குப் போகக்கூடாது. ஆசிரியர் ஒரு பகுதியைப் படிப்பார். அதன் திரண்ட கருத்தைச் சொல்வார். பின்பு சொல் சொல்லாகப் பிரித்து விளக்குவார். உள்ளே மறைந்திருக்கும் கதையையும் வரலாற்றையும் எடுத்துக்காட்டுவார். மறுநாள் மாணவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்கு இம்முறை புதிதன்று. நம்பிள்ளை இதே ஊரில் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்ல, வடக்குத் திருவீதிப் பிள்ளை அதை ஏட்டில் எழுதியதே ஈடு என்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அவதாரிகை, பதவுரை, விரிவுரை என்ற அந்த ஒழுங்கும், இத்தாலிய வகுப்பறையின் ஒழுங்கும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் நடந்தவை. பெஸ்கி தமிழ்ப் புலவரிடம் ஏடு விரித்து அமர்ந்தபோது, கற்பிக்கும் முறை அவருக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது என்பது என் ஊகம்.

அந்தக் கல்வித் திட்டத்தில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, மாணவரிடம் கட்டணம் பெறக்கூடாது என்ற விதி. அரசரோ செல்வரோ நகர மன்றமோ முதலில் ஓர் அறக்கட்டளையை நிறுவவேண்டும். அதன் வருவாயில் கல்லூரி நடக்கவேண்டும். இந்த விதி 19-ஆம் நூற்றாண்டில்தான் தளர்த்தப்பட்டது. பொருளியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய செய்தி. ஏழை மாணவனும் பிரபுவின் மகனும் ஒரே பெஞ்சில் அமர்வதற்கு, நல்லெண்ணத்தைவிட நிதி அமைப்பே முதற்காரணமாக இருந்தது. இரண்டாவது செய்தி சற்றுக் கசப்பானது. மாணவர்கள் பள்ளிக்குள் இலத்தீனிலேயே பேசவேண்டும். வீட்டு மொழி அங்கே விலக்கப்பட்டிருந்தது.

அந்த இலத்தீன் வகுப்பறையில் பயின்றவர், அதிலேயே கற்பித்தவர், இங்கே வந்து என்ன செய்தார் என்பதே நம் கதை.

தென்பாண்டி நாட்டில் காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் அவர் பணி தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே குருக்கள்பட்டி என்னும் ஊரில் சிறைப்பட்டு, மரண தண்டனை வரை சென்று தப்பினார். பின்பு கொள்ளிடத்தின் வடகரையை அடுத்த ஏலாக்குறிச்சி அவருடைய நிலைக்களம் ஆயிற்று. திருக்காவலூர் என்று அதற்குப் பெயர் சூட்டிக் கலம்பகம் பாடினார். ஸ்ரீரங்கத்தின் வடக்கே ஓடும் அதே கொள்ளிடம்தான் கிழக்கே சென்று அந்த ஊர்ப்பக்கத்தைத் தொடுகிறது. அப்போது நாயக்க அரசின் தலைநகர் திருச்சிராப்பள்ளி. 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாதர் அரங்கனின் பெரும் பக்தர். அவருடைய உருவச் சிலைகளைப் பெரிய கோயிலில் இன்றும் காணலாம். ஆற்றின் மேற்கே அரங்கநாதர் திருவிழாக்களும் கிழக்கே அடைக்கல அன்னையின் சிற்றாலயமுமாக, ஒரே நீரின் கரையில் இரண்டு பக்திகள் தமிழில் வளர்ந்தன.

அவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்ரதீபக் கவிராயர் என்று மரபு கூறும். முதலில் தைரியநாதர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் என்ற பெயரே நிலைத்தது. திருச்சிராப்பள்ளி சந்தா சாகிப் கையில் இருந்த நாளில் இவர் அவரைச் சந்தித்து நட்புப் பெற்றார் என்றும், திவானாகவே அமர்ந்தார் என்றும் கதைகள் வழங்கின. அவை பெரும்பாலும் அவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட வரலாற்றின் வழியே பரவியவை. திவான் பதவிக்குச் சான்று போதாது என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. பல்லக்கும் பதவியும் இல்லாவிட்டாலும் அவர் பெருமை குறைவதில்லை. எனக்கு முக்கியமாகத் தோன்றுவன அவர் செய்த நான்கு பணிகள். நான்கும் கல்வியைச் சார்ந்தவை.

முதலாவது, எழுத்து. எகர ஒகரங்களின் குறிலுக்குப் புள்ளி வைப்பது தொல்காப்பியர் காலம் தொட்டு வந்த விதி. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அதனால் ஒரு சொல்லைக் குறிலாகப் படிப்பதா நெடிலாகப் படிப்பதா என்பதை, முன்னரே பொருள் அறிந்தவனே முடிவு செய்ய இயலும். தெரிந்தவனுக்குத்தான் படிக்க வரும் என்றால், தெரியாதவன் எப்படித் தெரிந்துகொள்வான்? வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தார். இன்று நாம் எழுதும் இரட்டைச்சுழிக் கொம்பு அதன் பயன். முதல் வகுப்புக் குழந்தையும் அந்தச் சுழியை இடும்போது அவர் கைப்பிடித்தே எழுதுகிறது.

இரண்டாவது, அகராதி. நிகண்டுகள் செய்யுளில் இருந்தன; ஆசிரியரிடம் பாடம் கேட்டு, நெட்டுருச் செய்து, நினைவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தவேண்டும். 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பிரிவுகளையும் அகர வரிசையில் அமைத்தது. சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கும் முயற்சி அவருக்கு முன்னும் உண்டு. புரோவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அம்பலக்காட்டில் 1679-இலேயே அச்சேறியது. ஆயினும் தமிழுக்குத் தமிழிலேயே பொருள் தேடும் கருவியை இவ்வளவு விரிவாக அமைத்த சிறப்பு வீரமாமுனிவருடையது. பொருளியலில் தகவலைப் பெறுவதற்கு ஆகும் செலவு என்று ஒன்றைப் பேசுவோம். நிகண்டில் அந்தச் செலவு பல ஆண்டு உழைப்பும் ஓர் ஆசிரியரின் தயவும். அகராதியில் அது அகர வரிசை தெரிந்திருப்பது மட்டுமே.

மூன்றாவது, இலக்கணம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் ஒரே நூலில் அடக்கித் தொன்னூல் விளக்கம் எழுதினார். அயல்நாட்டார் தமிழ் கற்கப் பேச்சுத் தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என இலத்தீனில் இரண்டு இலக்கணங்கள் செய்தார். கற்றவர் இழிவாகக் கருதிய கொடுந்தமிழுக்கும் விதிகள் உண்டு என்று ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தொகுத்தது அந்நாளில் துணிவான செயல். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்ததும் இதே நோக்கில்தான். கொடுக்க வந்தவர் இங்கிருந்து எடுத்துச் சென்றது அது.

நான்காவது, உரைநடையும் ஆசிரியப் பயிற்சியும். ஏலாக்குறிச்சியில் உபதேசியார்களுக்கு அவரே பாடம் நடத்தினார். வேதியர் என்று அழைக்கப்பட்ட அவர்கள் ஊர் ஊராகச் சென்று கற்பித்த உள்ளூர்த் தமிழர்கள். அவர்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்ற நூலை உரைநடையில் எழுதினார். கற்பிப்பவனுடைய நடத்தையே முதல் பாடநூல் என்பது அதன் அடிப்படை. பெரும் பகுதி செய்யுளாகவும் உரையாகவும் இருந்த தமிழில், தனித்து நிற்கும் உரைநடையைப் பயன்படுத்தியவர்களில் நொபிலிக்குப் பின் இவர் குறிப்பிடத்தக்கவர்.

இவற்றோடு பரமார்த்த குருவின் கதையையும் சேர்க்கவேண்டும். தமிழ் கற்கும் அயல்நாட்டாருக்கு வாசிப்புப் பாடமாக, இலத்தீன் பெயர்ப்புடன் எழுதப்பட்டது அது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் குருவும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியபின் எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவர் ஆற்றோடு போய்விட்டதாக அழுகிறார்கள். சிறுவயதில் சிரித்த கதை. ஆசிரியனாகப் பல ஆண்டுகள் கழித்தபின் எனக்கு அது சிரிப்பாக இல்லை. வகுப்பில் யார் யார் தேறவில்லை என்று எண்ணும் ஆசிரியர், அந்தக் கணக்கில் தம்மைச் சேர்ப்பதில்லை.

இதை நான் சொந்தத் தவற்றால் அறிந்தேன். ஆசிரியப் பணியின் முதல் ஆண்டுகளில், எனக்குக் கற்பித்த ஆங்கில நூல்களின் நடையிலேயே தேவை நெகிழ்ச்சியைப் பாடம் நடத்தினேன். கொள்ளிடக் கரை ஊரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பித்தான். அவன் வீட்டில் வாழை பயிரிடுவார்கள் என்று அறிந்து, நல்ல விளைச்சல் ஆண்டில் ஏன் கையில் காசு குறைகிறது என்று கேட்டேன். அது தலைவிதி என்ற பொருள்படப் பதில் சொன்னான். ஒப்பித்த பாடமும் தலைவிதியும் ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. தெரியவைக்கும் மொழியில் நான் பேசவில்லை. மறுநாள் வாழைத்தாரைக் கொண்டு தமிழில் விளக்கினேன். தார் மலிந்தால் விலை எவ்வளவு விழும், விலை விழுந்தாலும் வாங்குபவர் எவ்வளவு கூடுதலாக வாங்குவார் என்று காந்தி மார்க்கெட் கணக்கையே எடுத்துக்கொண்டோம். அந்த வகுப்பில்தான் நான் ஆசிரியன் ஆனேன். அதன் பின்பே தேம்பாவணியை முறையாகப் படிக்கத் தொடங்கினேன்.

1726-இல் நிறைவுற்ற அந்தக் காப்பியம் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. யூதேயா நாட்டைப் பாடும்போது அங்கே நம்முடைய வயலும் வாய்க்காலும் மருதத்தின் செழிப்பும் வந்து நிற்கின்றன. பாலைநிலத்துத் தச்சரின் கதையைக் காவிரி நாட்டார் தம் கண்ணால் காணும்படி செய்தார். நான் வாழைத்தாரை வகுப்புக்குக் கொண்டுசென்றதும் அந்த வழியின் மிகச் சிறிய வடிவமே.

அவரைக் குறையற்றவராக வரைவது நேர்மையாகாது. தரங்கம்பாடி லுத்தரன் குருமாரோடு அவர் நடத்திய வாதங்களில் வன்மையும் ஏளனமும் மிகுதி. அவர்களுடைய தமிழை அவர் எள்ளினார். ஆனால் 1707-இலேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தவர்கள் அவர்கள். அத்தகைய முயற்சி இவர் வாழ்வில் இல்லை. மதுரை மறைப்பணித் தளம் சாதி வேற்றுமையோடு இணங்கிச் சென்றது. அதன் சுமையைத் தமிழகத் திருச்சபை இன்னும் இறக்கிவைக்கவில்லை. இவற்றையும் சொல்லித்தான் அவரைப் போற்றவேண்டும். அதே வேளையில், அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது அந்தத் தரங்கம்பாடி அச்சகமே என்பதையும் மறக்கலாகாது. சமயத்தில் பகைவர்கள், கல்வியில் ஒருவர் நூலை மற்றவர் அச்சிட்டனர். இந்தப் பண்பு நம் காலத்துக் கல்விக்கூடங்களுக்குத் தேவையானது.

1740-களில் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் போர்கள் சூழ்ந்தன. 1741-இல் கோட்டை மராத்தியர் வசமாயிற்று. வீரமாமுனிவர் தெற்கே சென்று, 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் மறைந்தார். கேரளத்து அம்பலக்காட்டில் அவர் உயிர் பிரிந்தது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. பின்பு மீண்டும் உயிர் பெற்றது. மீண்டு வந்தவர்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம் மாறியது. இராமேசுவரத்து அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை இயற்பியல் படித்ததும், ஸ்ரீரங்கத்துத் தெருக்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சென்று படித்ததும் அங்கேதான். நெற்றியில் திருமண்ணோடு சென்ற என்னை அங்கே ஒருவரும் அதை அழிக்கச் சொன்னதில்லை.

அண்மையில் உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, இடைவேளையில் தோழியோடு தமிழில் பேசியதற்காக அபராதம் கட்டியதாகச் சொன்னாள். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை; இந்த வழக்கம் எந்த ஒரு சமயத்தாரின் பள்ளிக்கும் மட்டும் உரியதன்று. பெற்றோரும் அதையே விரும்பிப் பணம் கட்டுகிறார்கள். இலத்தீன் இருந்த இடத்தில் இன்று ஆங்கிலம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதனால் பிழைத்தவன் நான். வீரமாமுனிவரும் இலத்தீனைக் கைவிடவில்லை. இலத்தீனில் ஆழக் கற்றதனால்தான் தமிழின் இலக்கணத்தை அவரால் வெளியிலிருந்தும் பார்க்க முடிந்தது. ஆனால் ஒரு மொழியைக் கற்பதற்காக இன்னொன்றை வெட்கப்பட வைப்பது, அவர் நடந்த திசைக்கு நேர் எதிரானது.

கத்தோலிக்கப் பள்ளியின் விழுமியம் எது என்று கேட்டால், அவர் வாழ்க்கையிலிருந்து எனக்குக் கிடைக்கும் விடை எளியது. மாணவன் நிற்கும் இடத்துக்கு ஆசிரியன் முதலில் செல்லவேண்டும். அவன் மொழியை, அவன் வயலை, அவன் பெரியோரைக் கற்கவேண்டும். அதன் பிறகே தான் கொண்டுவந்ததைக் கொடுக்கவேண்டும். கட்டணம் கட்ட இயலாதவனுக்கு இடம் இருக்கும்படி நிதியை அமைக்கவேண்டும் என்பது அதன் மறுபாதி. டெல்டாவின் சிற்றூர்களில் அரசு உதவி பெற்றுத் தமிழ்வழியில் நடக்கும் எத்தனையோ திருச்சபைப் பள்ளிகள் இந்த இரண்டையும் ஓசையின்றிச் செய்துவருகின்றன. அவற்றின் விண்ணப்பப் படிவத்துக்கு விடியற்காலையில் வரிசை நிற்பதில்லை என்பதால் அவை நம் கண்ணில் படுவதில்லை.

1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம். அது நன்று. எனினும் அவருக்கு உண்மையான நினைவிடம் வகுப்பறையே. அடுத்த முறை தெப்பக்குளத்தைக் கடக்கும்போது அந்தக் கல்லூரியின் பெயரைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முப்பது வயதுக்குமேல் அரிச்சுவடி எடுத்துக் கற்ற ஓர் ஆசிரியர் நமக்குத் தந்த சொல் அது.